முழங்கையால் படம் பார்ப்பவர்

படம் பார்ப்பவர்களில் பல இனங்கள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். விளக்கு அணைந்ததும் நித்திரையாகி, விளக்கு எரிந்ததும் எழும்பி, "முதல் பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதியிலதான் கொஞ்சம் இழுத்துப்போட்டான்" என்று தெளிவாகச் சொல்பவர் ஓர் இனம். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே அறிவித்து, அது நடக்காதபோது டைரக்டரைத் திட்டுபவர் இன்னோர் இனம். இவர்களையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். நான் இன்று உங்களுக்கு அறிமுகம் செய்யப்போவது கண்ணாலோ காதாலோ அல்லாமல் முழங்கையால் படம் பார்க்கிற இனத்தை. இவருக்குப் பக்கத்தில் ஒரு முறையாவது இருந்து பார்த்தவர்களுக்கு மேலும் விளக்கம் தேவையில்லை. அவர்களுடைய விலாவிடம் கேட்டாலே சொல்லும்.

இவர் திரையில் தோன்றுகிற எவரையும் நடிகராகப் பார்ப்பதில்லை. ஒரு கிழவி வந்து கதிரையில் உட்கார்ந்தால் போதும், உங்கள் விலாவில் ஒரு இடி விழும். "உது ஆர் தெரியுதே?" உங்களுக்குத் தெரியாது. "எங்கட கனகாம்பிகை ரீச்சர்!" ஒரு தபால்காரன் மணி அடிப்பான். இடி. "பாங்கில வேலை செய்த சிவஞானத்தின்ர நடை!" ஒரு நாய் வாலை ஆட்டினாலும் இவருக்கு அந்த வாலில் ஒரு மருமகனைத் தெரியும். பாத்திரங்கள் இரண்டு மூன்று என்றால் ஒருமாதிரித் தப்பிவிடலாம். பதினாலு பேர் ஒரே வீட்டுக்குள் நின்று சத்தம் போடுகிற படமென்றால், கடவுளே, நீங்கள் குளிருக்குப் போடுகிற தடித்த ஜக்கற்றோடு போய் உட்காருவதே புத்தி.

எங்கள் கட்டடத்தில் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி இராஜரட்ணம் அண்ணை. கட்டடம், புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஆட்கள் நிறைந்த டோர்செட் பார்க்கில் இருக்கிறது. கீழ்மாடியில் பார்ட்டி ரூம் ஒன்று உண்டு. அங்கே மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பொன்னம்பலம் அங்கிளின் தலைமையில் படம் காட்டுவார்கள். படம் முடிந்ததும் ரோல்ஸ், தேத்தண்ணி, அதன்பின் "கருத்துப் பகிர்வு". ஆளுக்கு மூன்று நிமிடம், கையில் மைக். படத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ரோல்ஸுக்காகவும் மீதிப்பேர் மைக்குக்காகவும் வருகிறார்கள் என்று சொல்வார்கள். அது பொய். ரோல்ஸுக்கு வருகிறவர்கள் பாதிக்கும் மேல்.

இந்த மே மாதம் பொன்னம்பலம் அங்கிள் நூலகத்தில் எடுத்துக்கொண்டு வந்தது ஓர் அமெரிக்கப் படம். தெற்குப் பக்கத்து ஊர் ஒன்று. தாங்கமுடியாத வெக்கை. குடும்பத்தின் பெரியவர் இறந்துவிட, பதினாலு சொந்தக்காரர் ஒரு வீட்டுக்குள் வந்து சேருகிறார்கள். ஒரு மாமா யாரோடும் கதைப்பதில்லை, தன் கிளியோடு மட்டும் கதைப்பார். ஒரு மாமி சாப்பாடு கொண்டுவந்த தட்டின் அடியில் தன் பெயரை ஒட்டிவைத்து, அந்தத் தட்டுத் திரும்பி வருமட்டும் செத்தவரை மறந்து தட்டையே தேடித் திரிவார். பிரேத வண்டி ஓட்டுகிறவனுக்கு விக்கல். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பிரச்சினை: உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலில், செத்தவரின் இளைய மருமகனுடைய பெயர் விடுபட்டுப் போய்விட்டது. அறிவித்தலை எழுதியது மூத்த மகள். அவ்வளவுதான். அக்காவும் தங்கையும் கதைக்காமல் விட்டார்கள், ஊர் இரண்டாகப் பிரிந்தது, கிளி உட்பட எல்லோரும் ஒரு பக்கம் எடுக்கவேண்டியதாயிற்று.

அந்த அறிவித்தல் திரையில் வந்தது. எல்லோரும் மெதுவாகத் தலையைத் திருப்பி, என் பக்கத்தில் இருந்த இராஜரட்ணம் அண்ணையைப் பார்த்தார்கள்.

ஏன் என்று சொல்லவேண்டும். ஒன்பது வருடங்களுக்கு முன் அண்ணையின் மாமனார் காலமானார். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவர் சந்திரவதனா அன்ரி, யூனியன்வில்லில் இருக்கிறார். இளையவர் மனோரஞ்சிதம் அன்ரி, அண்ணையின் மனைவி. அறிவித்தலை எழுதி இணையத்துக்கு அனுப்பியது மூத்தவர். "தில்லையம்பலம் அவர்களின் அன்பு மாமனாரும்" என்று தன் கணவரின் பெயரோடு வசனம் முடிந்துவிட்டது. இராஜரட்ணம் என்று ஒரு மருமகன் இருப்பதற்கான தடயமே இல்லை. அடுத்தநாள் திருத்திய அறிவித்தல் வந்தது. யார் கணக்கெடுத்தார்கள்? "முதல் அறிவித்தலைத்தானே உலகம் வாசிச்சது!" என்றார் அண்ணை. அதன்பிறகு அக்கா தங்கை இருவரும் ஒன்பது வருடம் ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. அண்ணை அந்த முதல் அறிவித்தலைத் தன் போனில் படமாக வைத்திருக்கிறார். பல் வைத்தியர், மருந்துக்கடைக்காரர், கார் மெக்கானிக், லிப்டில் அகப்பட்ட நான் என்று அதைக் காணாதவர் இல்லை. எனக்கு மட்டும் பதினொரு தடவை காட்டியிருக்கிறார்.

இப்போது திரைக்கு வாருங்கள். பெயர் விடுபட்ட அந்த இளைய மருமகன் என்ன செய்கிறான் தெரியுமா? பத்திரிகைத் துண்டைப் பிளாஸ்டிக் உறை போட்டுப் பேர்சில் வைத்துக்கொண்டு பெற்றோல் அடிக்கிறவனிடம் காட்டுகிறான். முடிவெட்டுகிறவனிடம் காட்டுகிறான். பாதிரியார் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் போய்க் காட்டுகிறான். பார்ட்டி ரூமில் நாற்பது பேர் அண்ணையின் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தோம். என் விலாவில் இடி விழுந்தது.

"தம்பி, உந்த விசரன் ஆர் தெரியுதே?"

நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஆர் அண்ணை?"

"பொன்னம்பலத்தார்! அந்தாள்தானே தன்ர கிட்னிக் கல்லைப் படமெடுத்து வச்சுக் காட்டித் திரியிறவர். பாவம், உப்பிடியும் ஆக்கள் இருக்கினம்!"

இந்த இனத்தின் கண்பார்வையைப் பற்றி வைத்தியர்கள் ஆராயவேண்டும். பதினாலு பேரில் பதின்மூன்று பேரைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கும். பதினாலாவது ஆள் வரும்போது மட்டும் கண் இருட்டிவிடும்.

படம் முடிந்தது. மைக் சுற்றி வந்தது. "நல்ல படம், பாட்டுத்தான் ஒண்டும் இல்லை" என்றார் ஒருவர். "இதால எங்கட சமூகத்துக்கு என்ன செய்தி?" என்று கேட்டார் இன்னொருவர். அவர் எந்தப் படத்துக்கும் அதைத்தான் கேட்பார். தட்டுத் தேடுகிற மாமியைப் பற்றி ஓர் அன்ரி மட்டும் உண்மையிலேயே உணர்ச்சிவசப்பட்டு, "அது பகிடி இல்லை. என்ர சட்டிகள் அஞ்சு இன்னும் வரேல்லை. அடியில நெயில் பொலிஷால பேர் எழுதித்தான் குடுத்தனான். எடுத்த ஆக்கள் இஞ்சதான் இருக்கினம்" என்று சபையைப் பார்த்தார். நாலைந்து பேர் நிலத்தைப் பார்த்தார்கள்.

அடுத்து மைக் இராஜரட்ணம் அண்ணையின் கைக்குப் போனது.

"நான் ஆற்றயும் பேரைச் சொல்ல விரும்பேல்லை" என்று தொடங்கினார். நீங்கள் இந்த வசனத்தைக் கேட்கும்போதெல்லாம் எழும்பி வெளியே போய்விடுங்கள். பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லப்போகிறார் என்று அர்த்தம். "படத்தில வாற அந்த மூத்தக்கா, அச்சொட்டா எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள். யூனியன்வில். மூண்டு கராஜ் வீடு. முந்தி தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒண்டில அதிபரா இருந்தவா. தான் எழுதிறதுதான் எழுத்து எண்ட அதே நினைப்பு, அதே மூக்கு. டைரக்டரைப் பாராட்டவேணும். நான் வேற ஒண்டும் சொல்லேல்லை." சபை கைதட்டியது. பொன்னம்பலம் அங்கிள் வழக்கம்போல அதைப் பதிவுசெய்து, வழக்கம்போல இருநூறு பேர் இருக்கிற வட்ஸ்அப் குழுவில் போட்டார்.

இனித்தான் விசயம் இருக்கிறது. அந்த அக்காவும் தங்கையும் மூன்று கிழமைக்கு முன்தான் மறுபடி கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். சந்திரவதனா அன்ரியின் மகள் துர்க்காவுக்கு ஆவணியில் கலியாணம். "சித்தி வராட்டி நான் மணவறையில இருக்கமாட்டன், I'm serious" என்று அந்தப் பிள்ளை ஒற்றைக்காலில் நின்று தாயைக்கொண்டு போன் எடுப்பித்தாள். நாற்பது நிமிடம் இரண்டு பேரும் அழுதார்களாம். படம் காட்டியதற்கு அடுத்த கிழமை ஞாயிறு வெற்றிலைத் தட்டத்தோடு வந்து கார்ட் தந்து முறையாகச் சொல்லுவதாக அக்கா வாக்குக் கொடுத்திருந்தார். மனோரஞ்சிதம் அன்ரி வீட்டுத் திரைச்சீலைகளைக்கூடத் தோய்த்துப் போட்டிருந்தார். ஒன்பது வருடமாக உடன்பிறந்தவளின் குரல் இல்லாமல் இருந்த மனுசி அவர். அதைப் பகிடியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை பின்னேரமே யூனியன்வில்லில் இருந்து ஒரு குரல்பதிவு வந்தது. "ரஞ்சி, எங்கட வீட்டுக் கதை அமெரிக்காவில படமா வந்திருக்காம். அவங்களுக்கு ஆர் சொன்னது எண்டு உன்ர மனுசனைக் கேட்டுச் சொல்லு." அவ்வளவுதான். அதன்பிறகு போன் அடித்தால் எடுப்பதில்லை.

கவனித்தீர்களா? தன்னை மூக்கோடு சேர்த்துச் சபையில் இழுத்தது அக்காவுக்குப் பெரிதில்லை. மரண அறிவித்தலில் பெயர் விடுபட்டுச் சண்டை வருவது உலகத்திலேயே எங்கள் ஆட்களுக்கு மட்டும் உரிய உரிமை என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. வெள்ளைக்காரன் செத்தால் கறுப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு அமைதியாகப் போய்விட்டு வருவான். அவனுக்கு இது எப்படித் தெரியும்? யாரோ சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும். சிரிக்காதீர்கள். அந்தக் கிழமை எங்கள் கட்டடத்தில் நான் விசாரித்த எல்லோருமே அப்படித்தான் நம்பினார்கள். "ரட்ணத்தாற்ற தம்பி ஒராள் அமெரிக்காவில, அற்லான்ராவில இருக்கிறாரெல்லே" என்று எட்டாம் மாடியில் ஒருவர் துப்புத் துலக்கியும் வைத்திருந்தார்.

"நான் பேர் சொல்லேல்லையே!" என்றார் அண்ணை மனைவியிடம்.

"மூண்டு கராஜைச் சொன்னனீங்கள்!"

"மூண்டு கராஜ் எத்தினை பேருக்கு இருக்கு!"

"இஞ்சேருங்கோ," என்றார் மனோரஞ்சிதம் அன்ரி, "அக்கா வராட்டி நான் உங்களோட இந்தப் பிறப்பில படம் பாக்கமாட்டன்." சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

அண்ணை பயந்துபோனார். தவறைத் திருத்தவேண்டும். முழங்கைக்காரர் தவறைத் திருத்துவது எப்படி? அந்த மூத்தக்கா சந்திரவதனா இல்லை, வேறு ஆள் என்று நிறுவவேண்டும். பொன்னம்பலம் அங்கிளிடம் டிஸ்க்கை வாங்கி வந்து, முகங்கள் வருகிற இடங்களை மட்டும் ஓட்டி ஓட்டி நாலு தரம் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். மூத்தக்கா உண்மையில் ரெக்ஸ்டேலில் இருக்கிற ஒரு முன்னாள் நேர்ஸ் அம்மா என்று பத்துப் பேருக்கு விளக்கினார். அந்த அம்மா இதைக் கேள்விப்பட்டு, அப்போ தட்டுத் தேடுகிறவள் யார் என்று கேட்க, அதற்கும் ஓர் ஆளைச் சொல்லவேண்டி வந்தது. கிளியோடு கதைப்பவருக்கு ஓர் ஆள், விக்கலுக்கு ஓர் ஆள் என்று புதன்கிழமைக்குள் பதினாலு பாத்திரங்களும் டோர்செட் பார்க் முதல் மார்க்கம் வரை பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன. படத்தைப் பார்க்காதவர்களே படத்தோடு கோபித்தார்கள். ஒன்பதாம் மாடி நீக்கிலாஸ் அங்கிள் மட்டும் என்னை லிப்டில் மறித்து, உண்மையிலேயே மனம் நொந்துபோய், "பதினாலு பேரில எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இடமில்லையோ? நாங்கள் என்ன, ஆக்கள் இல்லையே?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு என் கதவு தட்டப்பட்டது. மனோரஞ்சிதம் அன்ரி. "தம்பி, அக்கா வந்திருக்கிறா. ஆனால் தட்டம் பையுக்குள்ளயே இருக்கு, வெளியில எடுக்கேல்லை. நீங்கள்தான் பக்கத்தில இருந்தனீங்கள், ஒருக்கா வந்து சாட்சி சொல்லுங்கோ." போனேன். சந்திரவதனா அன்ரி சோபாவின் நுனியில் நிமிர்ந்து இருந்தார். பக்கத்தில் துர்க்கா. எதிரே அண்ணை, வேட்டியும் சேர்ட்டுமாய். தேத்தண்ணியை ஒருவரும் தொடவில்லை.

"ரட்ணம், நான் ஒண்டே ஒண்டுதான் கேக்கவந்தனான்" என்றார் சந்திரவதனா அன்ரி. "அந்தப் படக்காரனுக்கு ஆர் சொன்னது?"

"மச்சாள், சத்தியமா எனக்கு ஒருத்தரையும் தெரியாது!"

"தம்பி அற்லான்ராவில இல்லையே?"

"அவன் அங்க ஏசி திருத்திறவன் மச்சாள்!"

துர்க்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா, ப்ளீஸ். அவைக்கு உங்களைத் தெரியாது. ஒபிச்சுவரியில பேர் விட்டா சண்டை வாறது everywhere நடக்கும். எல்லா ஃபமிலியும் அப்பிடித்தான்."

அக்காவும் தங்கையும் ஒன்பது வருடத்தில் முதல்முறையாக ஒரே நேரத்தில் ஒரே ஆளைப் பார்த்து முறைத்தார்கள். "எல்லாரும் எண்டா?" என்றார் அக்கா. "எங்களுக்கு நடந்தது எல்லாருக்கும் நடக்குமோ?" என்றார் தங்கை. தங்கள் சண்டை சாதாரணமானது என்று சொல்லப்பட்டதை இருவராலும் தாங்கமுடியவில்லை.

"அன்ரி, நீங்கள் படம் பாத்தனீங்களோ?" என்று நான் மெல்லக் கேட்டேன். இல்லையாம். மனோரஞ்சிதம் அன்ரியும் அன்று பார்ட்டி ரூமின் குசினிக்குள் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. டிஸ்க் இன்னும் மெசினுக்குள்தான் இருந்தது. "போடு பாப்பம், அப்பிடி என்னத்தை எடுத்து வச்சிருக்கிறான் எண்டு" என்றார் அக்கா. அண்ணை ஓடிப்போய்ப் போட்டார். போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். நான் ஒரு குஷனை எடுத்து விலாவோடு வைத்துக்கொண்டேன்.

கிளி வந்தது, தட்டு வந்தது, விக்கல் வந்தது. அக்கா சிரிக்கவில்லை. பிறகு நான் முதல்தரம் கவனிக்காத ஒரு காட்சி வந்தது. கவனிக்காததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். விடியப்புறம். குசினி மேசை. தகப்பன் இறந்து மூன்று மணித்தியாலம்கூட ஆகவில்லை. மூத்த மகள் தனியே இருந்து அறிவித்தலை எழுதுகிறாள். ஒரு பெயர் எழுதுகிறாள், போன் அடிக்கிறது, பூக்கடைக்காரன். இன்னொரு பெயர், மறுபடி போன், தேவாலயம். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, எங்கே விட்டாள் என்று தெரியாமல், அடுத்த வரியிலிருந்து தொடர்கிறாள்.

மனோரஞ்சிதம் அன்ரி திரையைப் பார்த்தபடியே கேட்டார். "அக்கா, அண்டைக்கு நீ தனியவே இருந்து எழுதினனீ?"

"வேற ஆர் இருந்தது? நீ ஆஸ்பத்திரியில அப்பாவை விட்டிட்டு வரமாட்டன் எண்டு நிண்டாய். நாலு மணிக்குள்ள அனுப்பச் சொன்னவங்கள்."

"எனக்கு உது தெரியாது."

"நீ கேக்கேல்லை."

அவ்வளவுதான் பேசினார்கள். தங்கை நகர்ந்து அக்காவின் தோளோடு ஒட்டி இருந்துகொண்டார். ஒன்பது வருடத்துக்குரிய விளக்கம் ஒன்றரை நிமிடக் காட்சியில் இருந்தது. அந்த நேரத்தில் இராஜரட்ணம் அண்ணை எங்கே இருந்தார் என்கிறீர்களா? என் காதருகே. "தம்பி, உந்தப் பூக்கடைக்காரன்ர குரல், எங்கட றேடியோவில அறிவித்தல் வாசிக்கிறவற்ற குரல்தானே?"

சற்று நேரத்தில் இளைய மருமகன் தன் பிளாஸ்டிக் உறையோடு வந்தான். பெற்றோல் அடிக்கிறவனிடம் காட்டினான். அக்கா மெதுவாகத் திரும்பித் தங்கையைப் பார்த்தார். முடிவெட்டுகிறவனிடம் காட்டினான். தங்கை திரும்பி அக்காவைப் பார்த்தார். பாதிரியாரிடம் போனபோது இரண்டு பேருக்கும் தாங்கவில்லை. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய, ஆளை ஆள் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். துர்க்கா நிலத்தில் இருந்து "ஓ மை கோட்" என்று முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணைக்கு ஒரே சந்தோசம். மச்சாள் சிரிக்கிறாவே! அவரும் சேர்ந்து தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"நான் சொன்னனான்தானே மச்சாள்! அச்சொட்டாப் பொன்னம்பலத்தார்!"

படம் முடிந்தபின் தட்டம் பையிலிருந்து வெளியே வந்தது. வெற்றிலை, குங்குமம், கார்ட். அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, அண்ணை கார்ட்டை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டு, மணமகன் பெயரையும் மண்டபத்தின் பெயரையும் தாண்டி நேரே அடியில் போனார். உற்றார் உறவினர் பட்டியலில், மூன்றாவது இடத்தில், அவருடைய பெயர் இருந்தது. இரண்டு முறை வாசித்தார்.

"இருக்கு," என்றார். பிறகு சொன்னார், "எழுத்துத்தான் கொஞ்சம் சின்னன்."

சரி, நான் இதை எழுதி முடிக்கிறேன். நீங்களும் எழும்பலாம். ஆனால் போகுமுன் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இதை வாசிக்கத் தொடங்கி நாலைந்து வரிக்குள்ளேயே உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்ததுதானே? "அட, அச்சொட்டா இன்னார்!" என்று ஒரு சின்னச் சந்தோசம் வந்ததுதானே? இதை அவருக்கும், அவரைத் தெரிந்த இன்னும் நாலு பேருக்கும் அனுப்பவேண்டும் என்று கைகூடப் போனை நோக்கிப் போயிருக்குமே. தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அவரும் இப்போது எங்கோ இருந்து இதையேதான் வாசித்துக்கொண்டிருக்கிறார், விழுந்து விழுந்து சிரிக்கிறார். அவருக்கு நினைவுக்கு வந்திருக்கும் முகம் யாருடையது என்று நினைக்கிறீர்கள்?